நிலத்தில் நிற்கும் கப்பல்

போன தைப்பொங்கலுக்கு வீட்டில் கூடியிருந்த தம்பி தங்கச்சிமாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இந்தியாவிலேயே மிக உயரமான கட்டமைப்பு எங்கே இருக்கிறது? மும்பை என்றான் ஒருவன், டெல்லி என்றாள் ஒருத்தி. மூன்றாமவள் போனை எடுத்தாள், அதை நான் பறித்து வைத்துக்கொண்டேன்.

விடை திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. நாங்குநேரிக்குப் பக்கத்தில் விஜயநாராயணம் என்று ஓர் ஊர். அங்கே 471 மீற்றர் உயரத்தில் இரண்டு இரும்புக் கம்பங்கள் நிற்கின்றன. எங்கள் சி.என். ரவர் 553 மீற்றர். அதைவிட 82 மீற்றர்தான் குறைவு. ஆனால் இவற்றின் மேலே சுற்றும் உணவகம் இல்லை, கண்ணாடித் தரை இல்லை, டிக்கெட் இல்லை. சுற்றிவர இந்தியக் கடற்படையின் வேலி.

அந்த இடத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். ஐ.என்.எஸ். என்றால் இந்தியக் கடற்படைக் கப்பல். நிலத்தில் உள்ள தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைக்கும் பழக்கத்தை இந்தியக் கடற்படை பிரித்தானியரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதனால் பனைமரங்களுக்கு நடுவே, செம்மண்ணில், ஒரு "கப்பல்" நிற்கிறது. கட்டபொம்மன் 1799 ஒக்ரோபர் 16 அன்று அதே நெல்லைச் சீமையின் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவர். அவருக்கும் கடலுக்கும் பெரிய தொடர்பில்லை. என்னைக் கேட்டிருந்தால், 1906இல் தூத்துக்குடியில் கப்பல் கம்பனி தொடங்கிய வ.உ.சி.யின் பெயரைச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இந்தக் கம்பங்களின் வேலை ஒன்றுதான்: கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலோடு கதைப்பது. அதற்கு ஏன் இவ்வளவு பெரிய ஏற்பாடு என்பது பேஸ்மென்றில் இருந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். மல்வேர்னில் நாங்கள் முதல் நான்கு வருடம் இருந்தது ஒரு பேஸ்மென்றில். போனில் கதைப்பதென்றால் அப்பா படியில் ஏறி நின்றுதான் கதைப்பார். கொங்கிறீற்றும் மண்ணும் அலையைத் தின்றுவிடும். கடல் அதைவிட மோசம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அதற்குள் நுழையும் வானொலி அலை நீரில் மின்னோட்டத்தை உண்டாக்கியே தன் வலுவை இழந்துவிடும்.

எவ்வளவு ஆழம் போகும் என்பது அலையின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. (அம்மா யாழ்ப்பாணத்தில் படித்த பௌதிகப் புத்தகத்தில் இதற்கு "மீடிறன்" என்று பெயர். அழகான சொல், ஆனால் இங்கே யாருக்கும் தெரியாது.) போன் அலை கடல்நீரில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றருக்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எஃப்.எம். வானொலிக்கு அந்தத் தூரம் இரண்டரைச் சென்ரிமீற்றர். அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் தூரம் மெல்ல மெல்லக் கூடும். விஜயநாராயணத்திலிருந்து வருவதாக உலகெங்கும் வானொலி ஆர்வலர்கள் பதிந்திருக்கும் அலை 18.2 கிலோஹேர்ட்ஸ். அதற்கு இந்தத் தூரம் 1.9 மீற்றர். பத்து மீற்றர் ஆழத்தில் அலை இருநூறில் ஒரு பங்காகியிருக்கும். இருபது மீற்றரில் நாற்பத்தையாயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் நல்ல ரிசீவர் அதைப் பிடித்துவிடும்.

அதற்கு நீர்மூழ்கி மேலே வரத் தேவையில்லை. அதுதான் முழு விஷயமும்.

மேலே வந்தால் என்ன நடக்கும் என்பது இரண்டாம் உலகப்போரில் தெரிந்தது. ஜேர்மன் நீர்மூழ்கிகள் 1942இல் இங்கே சென் லோரன்ஸ் ஆற்றுக்குள்ளேயே வந்து கப்பல்களைத் தாக்கின. அந்த ஒக்ரோபரில் நோவா ஸ்கோஷியாவுக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையில் ஓடிய கரிபூ என்ற பயணிகள் படகும் மூழ்கடிக்கப்பட்டது. வேட்டையாட வந்த நீர்மூழ்கிகளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. தங்கள் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்ப அவை நீருக்கு மேலே வந்து சிற்றலையில் பேசவேண்டும். பேசிய ஒவ்வொரு தடவையும் நேசநாட்டுக் கப்பல்கள் அலை வந்த திசையைக் கணித்தன. வாயைத் திறந்த நீர்மூழ்கி தன் இடத்தையும் சொல்லிவிட்டது.

பேசுவதை நிறுத்த ஜேர்மனியரால் முடியவில்லை. கேட்பதையாவது நீருக்கடியிலேயே செய்யலாம் என்று 1943இல் கால்பே என்ற சிற்றூரில் ஒரு நிலையத்தைக் கட்டி முடித்தார்கள். அதற்கு கோலியாத் என்று பெயர். வலு ஆயிரம் கிலோவாட். 210 மீற்றரில் மூன்று கம்பங்கள், அவற்றைச் சுற்றி 170 மீற்றரில் பதினைந்து. ஈரமான தாழ்நிலமாகப் பார்த்துத்தான் இடத்தைத் தெரிந்தெடுத்தார்கள், காரணத்துக்குக் கீழே வருகிறேன். போர் முடிந்ததும் சோவியத் படை அதை ஆணி ஆணியாகக் கழற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் நிஸ்னி நொவ்கொரொட் அருகே மறுபடி கட்டியது. 1952இலிருந்து அது ரஷ்யாவுக்காகப் பேசுகிறது. ஓர் அன்ரெனாவே போர்க்கைதியாகப் போன கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இனி அன்ரெனாவுக்கு வருகிறேன். படிக்கும் காலத்தில் என்னைத் தூங்கவிடாத பாடம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்திலிருந்து செங்குத்தாக எழும் ஓர் அன்ரெனா நன்றாக வேலை செய்ய, அதன் உயரம் அலைநீளத்தில் கால்வாசி இருக்கவேண்டும். எஃப்.எம். என்றால் அது முக்கால் மீற்றர், கார்க் கூரையில் நின்றுவிடும். 18.2 கிலோஹேர்ட்ஸின் ஒரு முழு அலையின் நீளம் பதினாறரைக் கிலோமீற்றர். மல்வேர்னில் நீல்சன் வீதியில் ஓர் அலை தொடங்கினால் யங் வீதிக்குக் கிட்டத்தான் முடியும். அதன் கால்வாசி நாலு கிலோமீற்றருக்கு மேல். சி.என். ரவர்கள் ஏழரையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும்.

அது முடியாத காரியம். ஆகவே எல்லா நாடுகளும் குட்டையான அன்ரெனாவைக் கட்டி, அந்தக் குட்டையினால் வரும் தொல்லைகளோடு மல்லுக்கட்டுகின்றன. 471 மீற்றர் என்பது இந்தக் கணக்கில் குட்டை. அலைநீளத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு.

முதல் தந்திரம் குடை. கம்பத்தின் உச்சியிலிருந்து சுற்றிவரக் கம்பிகளை இழுத்து, பக்கத்துக் கம்பங்களில் கட்டிவிடுவார்கள். மேலே ஒரு பெரிய கம்பிக் கூரை, கீழே நிலம், இரண்டுக்கும் நடுவே மின்னேற்றம். இதனால் கம்பம் முழுவதிலும் நல்ல மின்னோட்டம் ஓடும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கட்லர் என்ற இடத்தில் 1961இல் கட்டிய நிலையத்தில் இந்தக் குடையை மேலிருந்து பார்த்தால் ஆறு மூலை நட்சத்திரம் போலத் தெரியும். அங்கே இரண்டு குடைகள், மொத்தம் 26 கம்பங்கள். ஏன் இரண்டு? பனிக்காலம். கம்பியில் பனிக்கட்டி படிந்தால் பாரம் தாங்காது. ஒரு குடையை நிறுத்தி அதன் கம்பிகளில் மின்சாரத்தைப் பாய்ச்சிச் சூடாக்கி உருக்கும்போது மற்றக் குடை பேசிக்கொண்டிருக்கும். வாஷிங்ரன் மாநிலத்தில் ஜிம் கிறீக்கில் 1953இல் வேறுவிதமாகச் செய்தார்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கின் மேலாகக் கம்பிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மலை இருந்தால் கம்பம் எதற்கு?

இரண்டாவது தந்திரம் சுருள். குட்டை அன்ரெனாவை அலைக்கு இசைய வைக்க, வீட்டளவு பெரிய கம்பிச் சுருள் வேண்டும். இங்கிலாந்தின் ரக்பி நிலையம் 1926இலிருந்து 16 கிலோஹேர்ட்ஸில் இயங்கியது. அதன் சுருள் ஒன்றை 2014இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஆறு மீற்றர் உயரம், ராட்சதச் சிலந்திவலை போல. லண்டனில் சித்தி வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. நிலம்.

இப்படிக் குட்டையான ஓர் அன்ரெனாவில் வலு அலையாக வெளியேறுவதற்கு இருக்கும் "கதவு" மிகச் சிறியது. பொறியியலில் அதைக் கதிர்வீச்சுத் தடை என்போம், அது இங்கே ஓர் ஓமில் சிறு பங்குதான். கீழே மண்ணின் தடை அதைவிடக் கூடினால், கொடுக்கும் மின்சாரம் முழுக்க மண்ணைச் சூடாக்கப் போய்விடும், மேலே எதுவும் கிளம்பாது. அதனால் குடையின் கீழும் அதற்கு அப்பாலும் செம்புக் கம்பிகளை வேர்போலப் புதைக்கிறார்கள். ஜேர்மனியர் ஈரநிலம் தேடியது இதற்குத்தான். கட்லர் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனையில் இருப்பதும் இதற்குத்தான். படத்தில் தெரிவது கம்பங்கள், ஆனால் மண்ணையும் சேர்த்தால்தான் அது முழு அன்ரெனா. ஆயிரக்கணக்கான ஏக்கர், மரமில்லாமல், வீடில்லாமல், யாரும் உழாமல்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் அமெரிக்கா கட்டியது. 20 மீற்றர் ஆழம் போதாது, நூறு மீற்றருக்கும் கீழே எட்டவேண்டும் என்று 76 ஹேர்ட்ஸ் வரை இறங்கினார்கள். அலைநீளம் ஏறக்குறைய 4000 கிலோமீற்றர். அதற்குக் கம்பமே கிடையாது. விஸ்கொன்சினில் கிளாம் லேக்கிலும் மிச்சிகனிலும் சாதாரண மின்கம்பிபோலத் தெரியும் நீண்ட கம்பியை இழுத்து, இரு முனைகளையும் ஆழமாக மண்ணில் இறக்கினார்கள். அங்கே நிலத்தடியில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாத பழைய பாறை. மின்னோட்டம் மேலாகத் திரும்ப வழியில்லாமல் பாறையின் ஆழத்துக்குள் சுற்றிவரும், அந்தச் சுற்றே அன்ரெனா. அது எங்கள் ஒன்ராறியோவின் வடக்கில் மஸ்கோக்காவுக்குப் போகும் வழியெல்லாம் ரோட்டோரம் தெரியுமே, அதே கனடியக் கேடயப் பாறையின் தென்முனைதான். 1989இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. மூன்று எழுத்துகளை அனுப்ப ஏறக்குறைய பதினைந்து நிமிடம். "மேலே வா, விஷயம் இருக்கிறது" என்று மணி அடிக்க மட்டும்தான் அது பயன்பட்டது. அணு ஆயுதத்தை எதிர்த்தவர்களும் அந்தக் காட்டில் இருந்தவர்களும் வருடக்கணக்காகப் போராடினார்கள், சிலர் கம்பங்களை அறுத்துச் சிறைக்கும் போனார்கள். 2004இல் கடற்படையே அதை மூடிவிட்டது.

இப்போது திருநெல்வேலிக்குத் திரும்புவோம். இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான கல்வரி 1967 டிசம்பரில் சோவியத் ஒன்றியத்தின் ரீகாவில் படையில் சேர்ந்தது. 1988இல் அணுசக்தியில் ஓடும் சக்ரா என்ற நீர்மூழ்கி சோவியத்திடமிருந்து மூன்று வருட வாடகைக்கு வந்தது. அணுசக்தி நீர்மூழ்கி மாதக்கணக்கில் நீருக்கடியிலேயே இருக்கக்கூடியது. அதற்குச் சொல்ல ஒரு வாய் வேண்டும். 1990 ஒக்ரோபர் 20 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் விஜயநாராயணத்தில் நிலையத்தைத் தொடக்கிவைத்தார். இன்னும் பெரிய புதிய நிலையம் 2014 ஜூலை 31 அன்று திறக்கப்பட்டது. 2016இல் அணு ஆயுதம் தாங்கும் அரிஹந்த் படையில் சேர்ந்தது.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இடம் ஏன் அங்கே என்று ஊகிக்கலாம். இந்தியாவின் தென்முனை, தட்டையான வறண்ட நிலம், ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் வங்காள விரிகுடா, கீழே முழு இந்து சமுத்திரம். இந்த வகை அலைகள் பூமிக்கும் வானத்தில் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் தொடங்கும் அயனமண்டலத்துக்கும் நடுவே குழாய்க்குள் ஓடுவதுபோல ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடும். அதே மாவட்டத்தில்தான் கூடங்குளம் அணுமின் நிலையம், அதே மாவட்டத்தில்தான் மகேந்திரகிரியில் ரொக்கெற் எஞ்சின் சோதனை நிலையம். இவ்வளவு இருந்தும் தமிழ்நாட்டிலிருந்து வந்த என் அலுவலக நண்பர்களில் ஒருவருக்குத்தான் கட்டபொம்மன் என்ற "கப்பலை"த் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்ததற்குக் காரணம், அவர் மாமா வீடு நாங்குநேரியில்.

நீர்மூழ்கி பதில் சொல்லாது. அதன் பின்னால் நூற்றுக்கணக்கான மீற்றர் நீளத்தில் ஒரு கம்பி மிதந்து இழுபட்டு வரும், அதால் கேட்கும். கடலுக்குள் 400 மீற்றர் கம்பம் நட முடியாது, ஆகவே அந்த வழியில் திரும்பிப் பேச வழியே இல்லை. இதை முதலில் படித்தபோது எனக்கு அப்பா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு மின்சாரம் எடுத்து, சுற்றிவரக் குந்தியிருந்து செய்தி கேட்பார்களாம். உலகம் சொல்வதைக் கேட்கலாம், கேட்டது சரியோ பிழையோ, உலகத்துக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

அதே 1990இல்தான், மார்ச் மாதம், இந்தியப் படை ஈழத்தைவிட்டு முழுமையாக வெளியேறியது. ஒக்ரோபரில் விஜயநாராயணம் திறந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இந்தியக் கடற்படை என்றால் பெருமையோடு கைதட்டுகிற ஆட்களும் இல்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் இந்தியாவின் மிக உயரமான கட்டமைப்பு என்றதும் ஒரு சின்னச் சந்தோஷம் வருகிறது. அது எதற்கான கட்டமைப்பு என்றதும் அந்தச் சந்தோஷம் பாதியில் நிற்கிறது. அரிஹந்துக்குப் போகக்கூடிய கடைசிக் கட்டளை எதுவாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நிலத்தைப் பற்றி இன்னொன்று. 2024 ஒக்ரோபர் 15 அன்று தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் இதேபோன்ற இரண்டாவது நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இடம் தாமகுண்டம் காப்புக்காடு, 2900 ஏக்கர். மரங்கள் போகும், மேய்ச்சல் போகும், காட்டுக்குள் இருக்கும் கோயிலுக்குப் போகும் வழி என்னாகும் என்று கேட்டு அங்குள்ளவர்கள் எதிர்த்தார்கள். நாட்டுக்குத் தேவை என்றது அரசு. இரு பக்கமும் சொல்வது எனக்கு விளங்குகிறது. பௌதிகம் பொய் சொல்லாது, அந்த அன்ரெனாவை 29 ஏக்கரில் கட்ட முடியாது. ஆனால் எந்த 2900 ஏக்கர் என்பதைத் தீர்மானிப்பது பௌதிகம் மட்டும் இல்லையே.

அம்மாவின் ஊர் வலிகாமம் வடக்கில். 1990இல் எல்லோரும் உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள், பிறகு வேலி வந்தது. அம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விகாராபாத் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அன்ரெனாவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தச் சனத்துக்கு வேற காணி குடுப்பாங்களாமோ?" என்று மட்டும் கேட்டார்.

மல்வேர்னும் இப்படி வந்ததுதான். 1950களின் இறுதியில் அரசு இங்கே பண்ணைகளை எடுத்துக்கொண்டது, வீடுகள் எழும்ப 1970கள் ஆயின. 1980இல் மக்லூர் கிறசென்றில் வீடுகளின் மண்ணில் ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டது. 1940களில் அங்கே ஒரு பண்ணையில் பழைய பொருட்களிலிருந்து ரேடியத்தைப் பிரித்தெடுக்க முயன்றவர்கள் விட்டுப்போனது. அந்த மண்ணை அகற்றி முடிக்க 1990கள் ஆயிற்று. அந்தத் தெருவால் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் யாரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. மெயினில் இருக்கும் கட்லர் நிலையம் இங்கிருந்து ஏறக்குறைய 1000 கிலோமீற்றர், பேசுவது 24 கிலோஹேர்ட்ஸில். இது கணினியின் ஒலி அட்டைக்கு எட்டும் எல்லை. ஒரு மீற்றர்ச் சதுரத்தில் மரச்சட்டம் செய்து, எனாமல் பூசிய செம்புக் கம்பியை ஐம்பது சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் மைக் துளையில் கொடுத்தேன். ஒலி அட்டை 96 கிலோஹேர்ட்ஸ் வேகத்தில் பதியக்கூடியதாக இருக்கவேண்டும், சட்டத்தின் விளிம்பு கிழக்கைப் பார்க்கவேண்டும். பால்கனியில் வைத்தால் போதும், பேஸ்மென்றிலும் கொஞ்சம் வரும். திரையில் 24இல் ஒரு மெல்லிய கோடு தெரியும். செய்தி குறியாக்கம் செய்யப்பட்டது, வாசிக்க முடியாது. ஆனால் கோட்டின் வலு சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் மாறுவதைப் பார்க்கலாம், அது அயனமண்டலம் இடம் மாறுவது. 2024 மே 14 மதியம் பெரிய சூரிய வெடிப்பு ஒன்று வந்தபோது என் வரைபு ஒரேயடியாகத் துள்ளியது. இதே முறையில் கொல்கத்தா விஞ்ஞானிகள் 2009 ஜூலை 22 சூரிய கிரகணத்தின்போது விஜயநாராயணத்தின் 18.2ஐப் பதிந்து வானத்தை ஆராய்ந்தார்கள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்கென்றே இப்படி ஒரு கருவித் திட்டம் நடத்துகிறது.

சில நாட்களில் கோடு மணிக்கணக்கில் காணாமல் போகும். உங்கள் கம்பியில் பிழை தேடி முழுவதையும் அவிழ்க்காதீர்கள், நான் ஒரு சனிக்கிழமை முழுக்க அப்படித்தான் வீணாக்கினேன். அங்கே திருத்த வேலைக்கு நிறுத்தியிருப்பார்கள். அடுத்த நாள் காலையில் பாருங்கள்.